பரண்மேல் ஏறாத கருவி எது?



மாற்றுத்திறனாளிகள் இருக்கும் வீடுகள் சிலவற்றுக்கு நீங்களும் போயிருப்பீர்கள். பரணை அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? மடக்கி வைத்த சக்கர நாற்காலி இருக்கும். டப்பாவை விட்டு வெளியே வராத காது மெஷின் இருக்கும். செயற்கைக்கால் ஒன்று பழைய சேலையில் சுற்றிக் கிடக்கும். "ஏம்மா, அரசாங்கம் குடுத்ததை இப்படிப் போட்டு வச்சிருக்கீங்க?" என்று கேட்டால், "அது ஒத்து வரலைக்கா" என்று ஒரே வரியில் பதில் வரும்.

அந்த "ஒத்து வரலை"யைப் பற்றித்தான் இந்த மாதம் பேசப்போகிறோம். கொடுத்ததை மதிக்கத் தெரியவில்லை என்று அந்த வீட்டாரைத் திட்டுவது ரொம்ப சுலபம். ஆனால் பல நேரங்களில் கருவி ஒரு வாழ்க்கைக்காகச் செய்யப்பட்டிருக்கும், அதை வாங்கினவர் வாழ்வது வேறு ஒரு வாழ்க்கையாக இருக்கும். உட்காரும் விதம், உடுத்தும் துணி, பேசும் மொழி, கூப்பிடும் முறை எல்லாம் வேறு. இதையெல்லாம் பார்த்துக் கருவியை மாற்றி அமைக்க முடியும். அப்படி மாற்றிக் காட்டியவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள்.

சம்மணம் போட விடாத கால்

முதலில் ஜெய்ப்பூர் காலைப் பார்ப்போம். பேரைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது ஏன் உருவானது என்ற கதை பலருக்குத் தெரியாது.

1960-களில் நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் கால் இழந்தவர்களுக்கு மேல்நாட்டு மாதிரிக் கால் பொருத்தினார்கள். உள்ளே மரக்கட்டை, குதிகாலில் கொஞ்சம் மெத்தை. கணுக்கால் மடங்காது. ஷூ போட்டுக்கொண்டு சமமான தரையில் நடக்க அது நல்ல கால்தான். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நாற்காலியில் உட்காருகிறார்கள், மேஜையில் சாப்பிடுகிறார்கள், வீட்டுக்குள்ளும் ஷூ போடுகிறார்கள். அவர்களுக்கு அது போதும்.

நமக்கு? கோயிலுக்குள் செருப்போடு போக முடியுமா? பந்தியில் சம்மணம் போட வேண்டாமா? கழிப்பறையில் குத்தவைக்க வேண்டும். வயலில் சேற்றில் இறங்க வேண்டும், வரப்பில் நடக்க வேண்டும். அந்தக் கால் இதில் எதற்கும் வளைந்து கொடுக்காது. ஷூ இல்லாமல் போட்டால் சீக்கிரம் கெட்டும் போகும். அதனால் அன்றைக்கும் கால்கள் பரணுக்குத்தான் போயின.

ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டராக இருந்தவர் பி.கே. சேத்தி. அதே ஆஸ்பத்திரிக்குக் கைத்தொழில் சொல்லித்தர வந்த சிற்பி ராம்சந்திர சர்மா. இருவரும் சேர்ந்து 1968-ல் ஒரு புதுப் பாதத்தை உருவாக்கினார்கள். உள்ளே ஸ்பாஞ்சு ரப்பரும் மரத்துண்டும், வெளியே டயருக்குப் போடுவது போன்ற கெட்டி ரப்பர், எல்லாவற்றையும் அச்சில் வைத்துச் சூடேற்றி ஒரே பாதமாக ஆக்கினார்கள். டயர் ரீட்ரேடிங் கடையில் நடக்கும் அதே வேலைதான். தோல் நிறத்தில், விரல்களோடு, நிஜப் பாதம் மாதிரியே இருக்கும். எல்லாப் பக்கமும் வளையும். தண்ணீரில் நனையலாம். செருப்பு இல்லாமல் நடக்கலாம், குத்தவைக்கலாம், சம்மணம் போடலாம்.

டாக்டருக்கு உடம்பு தெரியும், சிற்பிக்குக் கையும் அச்சும் தெரியும். ஆனால் எந்தக் கால் வேண்டும் என்பதை அவர்களுக்குச் சொன்னது, பழைய காலைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்ப ஊன்றுகோலை எடுத்த நோயாளிகள்தான் என்று நான் சொல்வேன். டாக்டர் சேத்திக்கு 1981-ல் மகசேசே விருது கிடைத்தது. 1975-ல் டி.ஆர். மேத்தா தொடங்கிய பகவான் மகாவீர் விக்லாங்க சகாயதா சமிதி இந்தக் காலை இலவசமாகப் பல லட்சம் பேருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கண்ணிவெடியில் கால் இழந்தவர்கள் நிறைய இருந்த ஆப்கானிஸ்தானுக்கும் போனது. போர் நடந்த யாழ்ப்பாணத்திலும் ஜெய்ப்பூர் பேரைத் தாங்கிய மையம் ஒன்று உண்டு. அங்கெல்லாம் ஜனங்கள் நம்மைப் போலத் தரையில் உட்காருகிறவர்கள், வெறுங்காலோடு நடக்கிறவர்கள் என்பதைக் கவனியுங்கள்.

சக்கர நாற்காலி கதையும் இதேதான். ஆஸ்பத்திரி வராந்தாவுக்குச் செய்த நாற்காலியின் சின்ன முன்சக்கரம் நம் தெரு மண்ணில் புதையும், வாசப்படியில் முட்டும். பெண்களுக்கு இன்னொரு தொல்லை சேலை. முந்தானையும் கொசுவமும் சக்கரக் கம்பியில் சிக்கும். பக்கவாட்டில் ஒரு தகடோ கெட்டித் துணியோ கட்டினால் தீர்ந்துபோகும் விஷயம். சேலை கட்டுகிற ஒருத்தரைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்! உலக சுகாதார நிறுவனமே 2008-ல் வெளியிட்ட வழிகாட்டியில், ஆளையும் அவர் இருக்கும் இடத்தையும் பார்க்காமல் சக்கர நாற்காலி கொடுக்கக் கூடாது என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் மறுவாழ்வு ஆராய்ச்சி மையம் 2019-ல், உட்கார்ந்தவர் தானே எழுந்து நிற்க உதவும் நாற்காலியை வெளியிட்டது. அங்கிருந்து வந்த இன்னொரு நாற்காலியில் முன்னால் ஒரு மோட்டார் வண்டியை மாட்டினால் மேடுபள்ளமான ரோட்டிலும் போகலாம்.

பேச முடியாத பிள்ளைக்கு எந்தத் தமிழ்?

கால், நாற்காலி எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற பொருள். ஒத்து வரவில்லை என்றால் உடனே தெரிந்துவிடும். மொழிக் கருவியில் அது சட்டென்று தெரியாது. "பிள்ளைக்குப் புரியலை, அவளுக்கு அறிவு கம்மி" என்று பழி பிள்ளைமேல் விழுந்துவிடும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மூளை முடக்குவாதம், ஆட்டிசம் போன்ற நிலைமையில் சில பிள்ளைகளுக்கு வாய்ப்பேச்சு வராது. ஆனால் சொல்ல விஷயம் நிறைய இருக்கும். அவர்களுக்குப் படப் பலகை ஒன்று கொடுப்பார்கள். தண்ணீர் படத்தைத் தொட்டால் தண்ணீர் வேண்டும் என்று அர்த்தம். இதையே டேப்லெட்டில் போட்டு, படத்தைத் தொட்டவுடன் குரல் வருகிற மாதிரியும் செய்திருக்கிறார்கள். சென்னையில் அஜித் நாராயணன் என்ற பொறியாளர், வித்யாசாகர் அமைப்பின் பிள்ளைகளோடும் ஆசிரியர்களோடும் சேர்ந்து 'ஆவாஸ்' என்ற கருவியை உருவாக்கினார். அதற்காக 2011-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத் தொழில்நுட்ப இதழ், 35 வயதுக்குட்பட்ட சிறந்த கண்டுபிடிப்பாளர்கள் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தது. வெளிநாட்டுக் கருவிகள் லட்சக்கணக்கில் விலை சொன்ன காலம் அது.

வெளிநாட்டுப் படத்தொகுப்பை அப்படியே எடுத்தால் என்ன ஆகும்? சாப்பாடு என்ற இடத்தில் பர்கர் இருக்கும். அம்மா என்றால் கவுன் போட்டு முடி வெட்டிய ஒரு பெண். வீடு என்றால் புகைபோக்கி வைத்த சரிவுக் கூரை. படுக்கை என்றால் கட்டில் மெத்தை. பாயில் படுக்கிற பிள்ளைக்கு அது படுக்கை என்று எப்படித் தோன்றும்? இட்லி, கஞ்சி, பாய், சொம்பு, கொடிக்கயிறு, முறம் என்று அவள் தினமும் பார்ப்பதைப் போட்டோ எடுத்து ஒட்டினால் போதும். இது எல்லோருக்கும் எளிதாகப் புரிகிற மாற்றம்.

புரியாமல் போவது வாக்கியம். ஆங்கிலத்தில் நான், வேண்டும், தண்ணீர் என்ற வரிசையில் வார்த்தைகள் வரும். பலகையையும் அந்த வரிசையிலேயே அடுக்கியிருப்பார்கள். தமிழில் நாம் அப்படியா பேசுகிறோம்? "எனக்குத் தண்ணி வேணும்" என்கிறோம். முதலில் 'நான்' இல்லை, 'எனக்கு'. வேணும் கடைசியில். பிள்ளை பலகையில் உள்ளபடி தொட்டால் "நான் வேண்டும் தண்ணீர்" என்று வருகிறது. கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். அதற்குப் பிறகு அவள் பலகையைத் தொடுவாளா? இன்னொன்று, நம் மொழியில் ஒரே 'வா' என்பது வந்தேன், வந்தாள், வந்தாங்க, வருவேன் என்று வால் மாறிக்கொண்டே போகும். ஒரு படத்துக்குள் இத்தனையையும் அடக்க வேண்டும். மொழி தெரிந்தவர் உட்கார்ந்து செய்யாமல், ஆங்கிலத்தை வரிக்கு வரி மாற்றினால் இது நடக்காது.

அடுத்தது மரியாதை. ஆங்கிலத்தில் குழந்தையையும் கலெக்டரையும் ஒரே வார்த்தையில் உட்காரச் சொல்லலாம். இங்கே பாட்டியைப் பார்த்து மெஷின் "உட்கார்" என்று சொன்னால், "பேசவே வராத புள்ளைக்கு வாய் மட்டும் நீளுது" என்று ஒரு பேச்சு வரும். 'உட்காருங்க' தனியாக, 'உட்காரு' தனியாக வேண்டும். உறவுக்கும் அப்படித்தான். ஆங்கிலப் பலகையில் அத்தை, சித்தி, பெரியம்மா, மாமி எல்லோருக்கும் ஒரே கட்டம். தமிழ் என்று மாற்றினாலும் புத்தகத் தமிழில் 'பாட்டி' என்று இருக்கும். மதுரைப் பக்கத்துப் பிள்ளைக்கு அவர் அப்பத்தா. வட மாவட்டத்தில் ஆயா. கொங்குப் பக்கம் அம்மாவின் அம்மா அமுச்சி. இஸ்லாமியர் வீட்டில் அப்பாவை வாப்பா என்று கூப்பிடுவார்கள். வீட்டில் யாருமே சொல்லாத ஒரு சொல்லைப் பலகையில் வைத்துவிட்டு, பிள்ளை தொடவில்லையே என்று வருத்தப்பட்டு என்ன பயன்?

தலையாட்டுவதைக் கூட மறக்கக் கூடாது. நாம் ஆமாம் என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் சாய்ப்போம். வெளியிலிருந்து வரும் பயிற்சியாளர் அதை 'இல்லை' என்று குறித்துக்கொள்வது உண்டு. ஆமாம், இல்லை என்ற இரண்டையும் வீட்டில் எப்படிக் காட்டுகிறாள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நாம் வெட்கப்பட்டு விட்டுவிடும் வார்த்தைகள்

மேல்நாட்டுப் பலகையில் இருந்து நம் ஊருக்கு வரும்போது சில படங்கள் காணாமல் போகின்றன. உடம்பின் மறைவான உறுப்புகள், மாதவிலக்கு, "தொடாதே", "எனக்குப் பிடிக்கலை", "இங்கே வலிக்குது". அசிங்கம் என்று நாமே எடுத்துவிடுகிறோம். கலாச்சாரத்துக்கு ஏற்ப மாற்றுவது என்றால் இதுவும் ஒரு மாற்றம்தானே என்று கேட்கலாம். இல்லை சகோதரிகளே, இந்த இடத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பேசத் தெரிந்த பெண் குழந்தையிடம் எவனாவது தப்பாக நடந்தால், பயந்துகொண்டாவது அம்மாவிடம் சொல்லுவாள். பேச்சு வராத பிள்ளையிடம் நாம் கொடுத்த பலகையில் இட்லியும் தண்ணீரும் பொம்மையும் மட்டும் இருந்தால், அவள் எதைத் தொட்டுச் சொல்வாள்? அவளால் சொல்ல முடியாது என்பது தப்பு செய்கிறவனுக்கும் தெரியும்.

அந்த வார்த்தைகள் கட்டாயம் இருக்க வேண்டும். வீட்டில் பெண்கள் தங்களுக்குள் பேசும் சொல்லாக, அம்மாவே தேர்ந்தெடுத்த படமாக இருக்கட்டும். 'வீட்டுக்குத் தூரம்' என்பீர்களோ 'தலைக்கு ஊத்தறது' என்பீர்களோ, உங்கள் சொல்லிலேயே வையுங்கள். பொதுப் பலகையில் வைக்கக் கூச்சமாக இருந்தால் தனியாக ஒரு சின்ன அட்டைக் கொத்தாகக் கட்டி, அவள் கைக்கு எட்டும் இடத்தில் மாட்டுங்கள். 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி, இப்படிப்பட்ட குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும்போது சிறப்பு ஆசிரியரின் உதவியையோ, குழந்தை எப்படிச் சொல்லும் என்று தெரிந்தவரின் உதவியையோ பெறலாம். அவள் படத்தைத் தொட்டுக் காட்டுவதும் பேச்சுதான். குழந்தைகள் உதவிக்கு 1098 என்ற எண்ணைக் குறித்து வையுங்கள்.

கண்ணுக்குப் பதில் காது

இனி நம் கூட்டமைப்பையே தொடுகிற ஒரு விஷயம். பார்வையில்லாத உறுப்பினர்கள் நம் குழுக்களில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் கையில் இப்போது செல்போன் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் 'டாக்பேக்' என்ற வசதி உள்ளேயே இருக்கிறது, தனியாகக் காசு கிடையாது. அமைப்புகளுக்குள் போய் அதை இயக்கி, குரலைத் தமிழுக்கு மாற்றிக்கொண்டால் விரல் பட்ட இடத்தில் இருப்பதைப் படித்துச் சொல்லும். கம்ப்யூட்டருக்கு 'என்.வி.டி.ஏ.' என்று ஒரு இலவச மென்பொருள். ஆஸ்திரேலியாவில் பார்வையில்லாத இரண்டு இளைஞர்கள் உருவாக்கியது, 2006-ல் தொடங்கியது. அதிலும் தமிழ் உண்டு.

கருவி தமிழ் பேசுகிறது, சரி. நாம் அனுப்புவதை அதால் படிக்க முடிகிறதா? "நாளை கூட்டம் அக்கா" என்பதை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்புகிறோம். ஆங்கிலக் குரல் அதை ஆங்கில வார்த்தை மாதிரி உளறும், தமிழ்க் குரலும் திணறும். சுற்றறிக்கையைப் போட்டோ பிடித்து அனுப்புகிறோம். பெரும்பாலும் 'படம்' என்று சொல்லி நின்றுவிடும். டி.டி.பி. கடையில் 'பாமினி' போன்ற பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுப்பது இன்னும் வேடிக்கை. அதில் நம் கண்ணுக்குத்தான் தமிழ் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். 'அம்மா' என்ற சொல்லை அந்தக் குரல் "எம், கே, செமிகோலன், கே, எச்" என்கிற மாதிரி வாசிக்கும். யூனிகோடு என்ற முறையில் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை. 2010-லேயே தமிழக அரசு யூனிகோடைப் பயன்படுத்த ஆணை போட்டாயிற்று. செல்போனில் தமிழ் விசைப்பலகையில் அடித்தாலே அது யூனிகோடுதான். தட்டத் தெரியாதவர்கள் குரலாகவே பேசி அனுப்பிவிடலாம்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். கடன் தீர்மானம், வட்டி, தவணை எல்லாம் எழுத்தில்தான் இருக்கிறது. யாரோ படித்துச் சொன்னதை நம்பிக் கைநாட்டு வைப்பதற்கும், முதல் நாளே தன் காதால் முழுசாகக் கேட்டுவிட்டு "மூணாவது வரியில தொகை தப்பா இருக்கு" என்று கூட்டத்தில் கேட்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

விரலால் படிக்கும் பிரெயிலும் இப்படி மொழிக்குத் தக்க மாறி வந்ததுதான். பிரான்சு நாட்டு லூயி பிரெயில் 1829-ல் வெளியிட்ட ஆறு புள்ளி முறை அது. நம் நாட்டில் ஒவ்வொரு பகுதியிலும் வேறு வேறு விதமாக எழுதிக்கொண்டிருந்ததை 1951 வாக்கில் பாரதி பிரெயில் என்று ஒன்றாக்கினார்கள். ஒலியை வைத்து ஒன்றாக்கியதால் தமிழ் 'க'வுக்கும் இந்தி 'க'வுக்கும் ஒரே புள்ளிகள். அதனால் ஒரு மொழியில் படித்தவருக்கு இன்னொரு மொழியின் எழுத்து அந்நியமாக இருக்காது.

காது கேளாதவர்களைப் பற்றி ஒன்று. கேட்கும் திறனைப் பார்க்கும்போது சில வார்த்தைகளைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். அது தெரியாத மொழியில் இருந்தால், காது கேட்டும் பதில் வராது. தமிழ் வார்த்தையில் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். சைகை மொழி என்பது தமிழைக் கையால் காட்டுவது இல்லை. இந்திய சைகை மொழிக்குத் தனி இலக்கணம் இருக்கிறது. 2015-ல் அதற்கென்று தில்லியில் மத்திய அரசு ஒரு மையம் அமைத்து, 2018-ல் முதல் அகராதியையும் வெளியிட்டது. எழுதிக் காட்டினால் போதும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சின்ன வயதிலிருந்து சைகையே தாய்மொழியாக இருப்பவருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி.

முகாமில் வாய் திறந்து கேளுங்கள்

மத்திய அரசின் 'அடிப்' திட்டம் 1981 முதல் நடக்கிறது. கான்பூரில் உள்ள அலிம்கோ நிறுவனம் கருவிகளைச் செய்து தருகிறது. இவர்கள் முகாமில் அளவு எடுப்பது ஒரு நாள், கருவி வழங்குவது வேறொரு நாள். பலரும் வழங்கும் நாளில்தான் குறை சொல்கிறார்கள். அன்றைக்குச் சொல்லி என்ன செய்வது? அளவு எடுக்கும் நாளில்தான் சொல்ல வேண்டும்.

தரையில் உட்கார்ந்துதான் சமைக்கிறேன், எங்கள் வாசல் இவ்வளவு அகலம், கழிப்பறை குத்தவைக்கிற மாதிரிதான் என்று சொல்லுங்கள். வாசல் அகலத்தை ஒரு கயிற்றில் அளந்து கொண்டே போகலாம். வீட்டில் தினமும் எதைக் கட்டுவாரோ அந்தச் சேலையிலோ நைட்டியிலோ வரச் சொல்லுங்கள். முகாமுக்கென்று சுடிதார் போட்டுப் போனால் சேலைத் தொல்லை அன்றைக்குத் தெரியாது. பேசும் கருவி என்றால் தமிழ்க் குரல் இருக்கிறதா, பெண் குரல் இருக்கிறதா, நம் படத்தையும் நம் குரலையும் ஏற்ற முடியுமா என்று கேளுங்கள். ரிப்பேர் எங்கே என்பதையும் கேட்டுவிடுங்கள். நம் ஊர் சைக்கிள் கடையில் சரிசெய்ய முடியாத சக்கரம் ஒரு வருஷத்தில் பரணுக்குப் போய்விடும்.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது. முன்பு ஏழு வகைதான். அதனால் முன்பு "இதுக்கெல்லாம் கிடையாது" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களும் மறுபடி போய்ப் பார்க்கலாம். கருவிக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுக்கும்போது தனித்துவ அடையாள அட்டை (யு.டி.ஐ.டி.) நகல், ஆதார் நகல், போட்டோ கையில் இருக்கட்டும். அரசின் 'உரிமைகள்' திட்டத்தில் 'விழுதுகள்' என்ற பெயரில் சேவை மையங்களும் திறந்து வருகிறார்கள். உங்கள் பகுதியில் இருக்கிறதா என்று அதே அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

ஏற்கெனவே பரணில் இருக்கும் கருவியைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த குழுக் கூட்டத்தில், எந்த வீட்டில் என்ன கருவி சும்மா கிடக்கிறது, ஏன் ஒத்து வரவில்லை என்று உறுப்பினரையே கேட்டு, அவர் சொல்கிறபடியே தீர்மான நோட்டில் எழுதுங்கள். அளவு சரியில்லையா, சத்தம் புரியவில்லையா, சேலை சிக்குகிறதா என்று காரணம் தெளிவாக இருக்கட்டும். ஊராட்சி அளவில் சேர்த்து ஒரே மனுவாக அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கி நோட்டிலேயே ஒட்டி வையுங்கள்.